ஏலத்தில் எடுத்த பச்சை லாரி

எங்க வீட்டுக்காரரை லாரி ஸ்டாண்டுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. 'பிரேக்கு'ன்னாத்தான் திரும்பிப் பார்ப்பாரு. நாய் குறுக்கே வந்தா பிரேக், கோழி வந்தா பிரேக். ரோட்டோரம் ஒரு குழந்தை கையில பந்தோட நின்னாப் போதும், பந்து உருளறதுக்கு முன்னாடியே வண்டி நின்னுடும். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டினாரு, ஒரு கீறல் கிடையாது. "உன் புருஷன் லாரியை மாட்டுவண்டி முந்திக்கிட்டுப் போகுது"ன்னு என்கிட்டயே வந்து சொல்லிச் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அப்படிச் சிரிச்சவங்கள்ல பாதிப் பேருக்கு இன்னைக்கு முன்பல்லு இல்ல.

நான் அவருக்கு நேர் எதிர். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவ நான். வீட்டு முன்ரூம் முழுக்க என் மெஷின்தான், மிச்ச இடத்துல தார்ப்பாய்ச் சுருள். உட்காரணும்னா சுருள் மேலதான் உட்காரணும். மத்தவங்க ரெண்டு நாள் தைக்கிறதை நான் ஒரே நாள்ல தைச்சுக் கொடுத்துடுவேன். வாயும் அதே வேகம்தான். "கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசேன்"ம்பாரு. நான் மூச்சு விடற நேரத்துல இவரு ஒரு வார்த்தையாவது பேசியிருக்காரா? கிடையாது. அப்ப யாராவது ஒருத்தர் பேசித்தானே ஆகணும்.

இந்த மனுஷன் நாப்பத்தொன்பது வயசு வரைக்கும் எனக்கு இது வேணும்னு எதையும் கேட்டதில்ல. முதல் தடவையா ஒண்ணு கேட்டாரு. லாரி கேட்டாரு. சும்மா லாரி இல்ல, ராணுவ லாரி.

காரணம் இருந்துச்சு. அவரு ஓட்டினது கரண்ட் கம்பம் ஏத்துற லாரி. முதலாளி லாரி ரோடு முடியுற இடத்தோட நின்னுடும். அதுக்கு மேல வயல், சேறு, மேடு எல்லாம் தாண்டி இருபது ஆளுங்க அந்தக் கல்லுக் கம்பத்தைத் தோள்ல தூக்கிட்டுப் போவாங்க. ஒருத்தன் வழுக்கினா இருபது பேருக்கும் ஆபத்து. ஒரு தடவை ஒரு ஆளோட கணுக்கால் நொறுங்கினதை இவரு நேர்ல பார்த்திருக்காரு. அன்னைக்கு ராத்திரி இவரு சாப்பிடல. கம்பம் நடுற கான்ட்ராக்டர் சொல்லியிருக்காரு, "உள்ள வரைக்கும் இறங்கற வண்டி ஒண்ணு இருந்தா வருஷம் பூரா வேலை தரேன்"னு. முதலாளிகிட்டப் போய்ச் சொன்னா, "ரோட்டுல ஓட்டத்தான்யா உனக்குச் சம்பளம்"னுட்டாரு. அப்புறம்தான் இவரு ஒரு பேப்பர் துண்டை என் மெஷின் மேல வச்சாரு. ராணுவத்துல கழிச்சுப் போட்ட வண்டிங்களைப் பொது ஏலம் விடறாங்கன்னு போட்டிருந்துச்சு.

நான் தைச்சுச் சேர்த்தது எல்லாம், அவரு கணக்கு முடிச்சா வர்றது எல்லாம் சேர்த்தா சரியா இருக்கும். "வேலையை விட்டுட்டுப் போனா திரும்பி வந்து நிக்காதே"ன்னு முதலாளி முகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு. ஆக, இந்த லாரி ஓடினா நாங்க பிழைச்சோம். ஓடலைன்னா அம்பது வயசுல அவரு யார் வாசல்லயாவது போய்ச் சாவியைக் கொடுங்கன்னு நிக்கணும். அது எனக்கு நல்லாவே தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சுமே நான் பண்ணின காரியத்தைக் கேளுங்க.

ஏலத்துக்கு முன்னாடி மூணு நாள் வண்டிங்களைப் போய்ப் பார்க்கலாம். நானும் கூடவே போனேன். என் காசும் இருக்கே அதுல! முள்கம்பி வேலிக்கு உள்ளே ஒரு பெரிய பொட்டல், அதுல வரிசையா நாப்பது லாரி. எல்லாம் ஒரே பச்சை, ஒரே மூஞ்சி. கண்ணாடியில சாக்பீஸால நம்பர் போட்டிருந்தாங்க. வாசல்ல ஒரு பலகை, 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்'னு. அப்படின்னா என்னங்கன்னு காவலாளிகிட்ட கேட்டேன். "எடுத்ததுக்கு அப்புறம் அழுதாக் கேக்க மாட்டோம்னு அர்த்தம்மா"ன்னாரு.

வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு பழைய இரும்பு வியாபாரிங்க. சக்கரத்துல ஒரு உதை விடுவாங்க, ஒரு சுத்து சுத்துவாங்க, எத்தனை டன் தேறும்னு மனசுக்குள்ளயே போட்டுட்டு அடுத்த வண்டிக்குப் போயிடுவாங்க. இவரோ கையில ஒரு பழைய சாக்கோட வந்திருந்தாரு. அதை விரிச்சு வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்தா முக்கா மணி நேரத்துக்குக் கால் மட்டும்தான் வெளியே தெரியும். வெளியே வந்து ஆயில் கம்பியை உருவுவாரு, ரெண்டு விரல்ல தேய்ப்பாரு, மோந்து பார்ப்பாரு. "நக்கியும் பார்த்துடுங்க, ஒரு வழியாப் போகட்டும்"னேன். அடுத்த வண்டிக்கு அடியில சாக்கை விரிச்சுட்டாரு.

மூணாவது நாள் இருபத்திமூணாம் நம்பர் பக்கத்துல நின்னு, "இது"ன்னாரு. ஆறு சக்கரமும் இழுக்குமாம். முன்னாடி இரும்பு வடம் சுத்துற விஞ்சு இருக்காம், கம்பத்தை அதுலயே தூக்கிடலாமாம். இன்ஜினைப் பிரிச்சுப் பூட்டி அதிக நாள் ஆகலையாம்.

ஆனா அந்த இரும்பு வியாபாரிங்க இருக்காங்களே, சரியான ஆளுங்க. அவங்களுக்கு வண்டியைத் தெரியாது, வண்டி தெரிஞ்சவன் யாருன்னு தெரியும். இவரு எதுக்கு அடியில அதிக நேரம் படுக்கறாருன்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால அந்த வேலையை நான் எடுத்துக்கிட்டேன். முப்பத்தொண்ணாம் நம்பருக்கு அடியில போய் ஒரு மணி நேரம் படுங்கன்னு தள்ளிவிட்டேன். நான் வெளியே நின்னு, "அம்மாடி, இன்ஜின்னா இதுதாங்க இன்ஜின்! இதை மட்டும் கோட்டை விட்டீங்க, நான் உங்களோட குடித்தனம் பண்ண மாட்டேன்!"னு ஊருக்கே கேக்கற மாதிரி சத்தம் போட்டேன். அடியிலேருந்து குரல் வருது, "ஏம்மா, இதுல கியர்பாக்ஸே இல்ல." வெளியே நீட்டியிருந்த அவரு காலை ஓங்கி மிதிச்சேன்.

ஏலத்தன்னைக்குத் தகரக் கொட்டகையில இருபத்திமூணாம் நம்பர் வந்தப்போ அவங்க எல்லாரும் முப்பத்தொண்ணுக்காகக் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. சும்மா ஒண்ணு ரெண்டு பேரு இரும்பு விலைக்குக் கேட்டாங்க. இவரு ஏலம் கேக்கற அட்டையைத் தூக்குவாரு தூக்குவாருன்னு பார்க்கறேன், தூக்கின பாடில்ல. ஏலக்காரர் ரெண்டு தரம் சொல்லிட்டாரு. இவரு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காரு. முழங்கையைப் பிடிச்சு மேல தள்ளினேன் பாருங்க, அட்டை கூரையில இடிச்சுடுச்சு. வண்டி எங்களுக்கு. முப்பத்தொண்ணை ஒரு தங்கக் கண்ணாடிக்காரர் ரெட்டை விலைக்கு எடுத்துக்கிட்டுப் போனாரு. அன்னைக்கு நான் தரையில நடக்கலங்க. என் சாமர்த்தியத்தைப் பத்தி வர்ற வழியெல்லாம் நானே பேசிக்கிட்டு வந்தேன்.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. வண்டியைப் போக்குவரத்து ஆபீஸ்ல காட்டி, எங்க பேருக்கு நம்பர் வாங்கணும். காட்டறதுக்கு முன்னாடி அந்த ராணுவப் பச்சை போயிருக்கணும்னு ஒரு சட்டம். ஆனா அவருக்கு முதலாளிகிட்ட கடைசி லோடு ஒண்ணு இருந்துச்சு, நாலு நாள் பயணம். சொன்ன லோடை விடமாட்டேன்னு கிளம்பிட்டாரு. போகும்போது, "நான் வர்ற வரைக்கும் வண்டியைத் தொடாதே"ன்னாரு.

"நான் என்ன சின்னப் புள்ளையா?"ன்னேன்.

அவரு போன மறுநாளே என் தம்பியை வரச் சொல்லிட்டேன். வெல்டிங் பட்டறை வச்சிருக்கான், கிரைண்டிங் மெஷின் கொண்டு வருவான். மாமா திரும்பி வர்றப்போ வண்டி புதுப் பொண்ணாட்டம் நிக்கணும், அசந்து போகணும். அதுதான் என் திட்டம். தம்பி அந்த மட்டுக்கும் கேட்டான், "அக்கா, மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?" "உங்க மாமாவைக் கேட்டா அடுத்த வருஷம் பதில் வரும், நீ தேய்டா"ன்னேன்.

ரெண்டு நாள் தேய்ச்சோம். பச்சைக்கு அடியில பச்சை, அதுக்கும் அடியில பச்சை. ஏழு கோட்டாவது இருக்கும். ரெண்டாவது நாள் மத்தியானம் தம்பி சாப்பிடப் போனான். எனக்குச் சும்மா உட்காரப் பிடிக்கல. மெஷினை எடுத்துக்கிட்டு நானே முன் சக்கரத்துக்குப் பின்னாடி, வண்டியோட அடிச்சட்டத்துல இறங்கினேன். ஒரு முழ நீளத்துக்கு அங்கே துரு ஏறி, புள்ளி புள்ளியா, குழி குழியா இருந்துச்சு. சீ, இவ்வளவு நல்ல வண்டியில இப்படி ஒரு அசிங்கமான்னு நினைச்சேன். அழுத்தித் தேய்ச்சேன். குழி போகல. இன்னும் அழுத்தினேன். கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் விடல. தம்பி வந்து பார்த்துட்டு, "அக்கா, என்னைவிட நல்லாத் தேய்ச்சிருக்கியே!"ன்னான். எனக்குப் பெருமை பிடிபடல. அது மேலேயே பிரைமர் அடிச்சு, சாம்பல் கலர் பெயிண்டும் அடிச்சாச்சு.

வண்டிக்குன்னு ஒரு நம்பர் இருக்கும்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்? டிரைவர் பொண்டாட்டிங்க நான்! உள்ளே டாஷ்போர்டுல பித்தளைத் தகட்டுல பத்து எண் பொறிச்சிருந்துச்சு. அதுதான் நம்பர்னு நினைச்சு, அதுல ஒரு சொட்டு பெயிண்ட் படாமத் துணி கட்டி, பளபளன்னு துடைச்சு வச்சிருந்தேன்.

அவரு வந்தாரு. வண்டியைச் சுத்தி ஒரு தரம் நடந்தாரு. "தொடாதேன்னு சொன்னேனே"ன்னாரு. அப்புறம், "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்புக்காகத்தானே இத்தனையும்.

மறுநாளே ஆபீசுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் கழுத்துல கயிறு கட்டின கண்ணாடியோட வந்தாரு. பிரேக் பார்த்தாரு, லைட் பார்த்தாரு, நல்லாருக்குன்னாரு. அப்புறம் டார்ச்சை எடுத்துக்கிட்டு முன் சக்கரத்துக்குப் பின்னாடி குனிஞ்சாரு. குனிஞ்சவரு நிமிரவே இல்ல. விரலால தடவறாரு, பெயிண்டைச் சுரண்டறாரு, திரும்பத் தடவறாரு.

"சேசிஸ் நம்பர் எங்கே?"

நான் முந்திக்கிட்டு, "உள்ள இருக்குங்க சார், பித்தளையில!"ன்னேன்.

"அது ஸ்க்ரூ போட்டு மாட்டினதும்மா. யார் வேணா கழட்டி மாட்டலாம். இரும்புலயே அடிச்ச நம்பர் இங்க இருக்கணும். இதை யாரோ வேணும்னே மெஷின் வச்சுத் தேய்ச்சிருக்காங்க." நிமிர்ந்து பார்த்தாரு, முகமே மாறிப் போயிருந்துச்சு. "நம்பரை அழிச்ச வண்டின்னா என்ன அர்த்தம் தெரியுமில்ல? திருட்டு வண்டியைத்தான் இப்படிச் செய்வாங்க. இது போலீஸ் கேஸ். யார் தேய்ச்சது?"

அந்தக் குழி குழியான துரு. அது துரு மட்டும் இல்ல, நம்பரும்தான். வாய் இருக்கே, ஊருக்கெல்லாம் பேசற வாய், அப்போ பார்த்து ஒட்டிக்கிச்சு. எங்க வீட்டுக்காரரு சக்கரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு ஒரு தரம் பார்த்தாரு. நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தாரு. அவ்வளவுதான்.

"நான்தான் சார் தேய்ச்சேன்"ன்னாரு.

பொய் சொல்ல வராதுன்னு சொன்னேனே, அந்த மனுஷன்! யோசிக்கவே இல்ல. ஒரு செகண்டு கூட எடுத்துக்கல. "ஐயோ, இல்ல சார்"னு நான் ஆரம்பிச்சேன். "நீ போய்த் தண்ணி வாங்கிட்டு வா"ன்னாரு. இருபத்தாறு வருஷக் குடித்தனத்துல என்கிட்ட அப்படி ஒரு குரல்ல பேசினதில்ல. இன்ஸ்பெக்டர் எழுதினாரு, இவரு கையெழுத்துப் போட்டாரு. தடயம் பார்க்கிற ஆபீஸ்லேருந்து ஆள் வந்து, அழிஞ்ச நம்பரைத் திரும்ப எடுக்க முடியுதான்னு பார்ப்பாங்களாம். ஏலத்துல எங்களுக்குக் கொடுத்த பேப்பர்ல இருக்கிற நம்பரும் அதுவும் ஒண்ணா இருந்தா வண்டி எங்களுது. வரலைன்னாலோ, வேற நம்பர் வந்தாலோ வண்டி போச்சு, கையெழுத்துப் போட்டவரு உள்ளே போகணும். வண்டியை ஆபீசுக்குப் பின்னாடியே நிறுத்திட்டு வெறுங்கையோட பஸ் ஏறினோம்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் கத்த ஆரம்பிச்சேன். "உங்களை யாரு சொல்லச் சொன்னது? நான் பண்ணினதுக்கு நீங்க எதுக்கு ஜெயிலுக்குப் போகணும்? பெரிய தியாகின்னு நினைப்பா?"

தார்ப்பாய்ச் சுருள் மேல உட்கார்ந்து செருப்பைக் கழட்டிக்கிட்டே, "வண்டி என் பேர்ல இருக்கு"ன்னாரு. "வண்டியை விட்டுட்டு நான் போயிருக்கக் கூடாது. நம்பர் எங்க இருக்குன்னு உனக்குக் காட்டிட்டாவது போயிருக்கணும்."

"என்னைத் திட்டுங்களேன்! ரெண்டு வார்த்தை திட்டித் தொலைங்களேன்!"

"திட்டினா நம்பர் வந்துடுமா?"ன்னாரு. உட்கார்ந்து அழுதேன்.

ஒன்பது நாள். அதுல நான் ஒரு தையல் நேராப் போடல. போதாக்குறைக்கு அவரோட சேக்காளி ஒரு மெக்கானிக், ஆறுதல் சொல்ல வந்தவன், டீயைக் குடிச்சுக்கிட்டே, "நம்பர் வந்தாலும் ஒத்துப்போகணுமே அண்ணி. ராணுவத்துல பத்து வண்டியைப் பிரிச்சு ஒரு வண்டி ஆக்குவாங்க. தகடு ஒரு வண்டியோடது, அடிச்சட்டம் ஒரு வண்டியோடதுன்னு இருக்கும்"னுட்டுப் போனான். அவன் குடிச்ச டம்ளரைத் தூக்கி எறியணும்னு வந்துச்சு. கான்ட்ராக்டர் வேற, மாசம் பிறக்கறதுக்குள்ள வண்டி வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு சொல்லி அனுப்பினாரு.

பத்தாவது நாள் காலையில கூப்பிட்டாங்க. தடயம் பார்க்க வந்தது ஒரு பொண்ணு. முப்பது வயசு இருக்கும், கையில ஒரு சின்னப் பெட்டி, அதுல பஞ்சு, நாலஞ்சு பாட்டில், உப்புத்தாள். வந்ததும் முதல் வேலையா இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "அந்த ஏலப் பேப்பரை மூடி வைங்க சார். என்கிட்ட காட்டாதீங்க, யாரும் வாய்விட்டுப் படிக்காதீங்க. படிச்சா என் கண்ணு அதையேதான் தேடும்"னா. இன்ஸ்பெக்டர் பேப்பரை மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டாரு. "எண் எல்லாம் வரும்னு நினைக்கறீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "ரொம்ப ஆழமாத் தேய்ச்சிருந்தா வராதும்மா"ன்னா. நான் என் கையைப் புடவைக்குள்ள மறைச்சுக்கிட்டேன்.

நான் அடிச்ச பெயிண்டை அவ எடுத்தா. உப்புத்தாளால மெதுவா, மெதுவா வழவழப்பாக்கினா. அப்புறம் பஞ்சை ஒரு பாட்டில்ல தோய்ச்சு இரும்பு மேல ஒத்தி ஒத்தி எடுத்தா. மூக்கைக் குத்தற வாசம். நம்பரை அடிக்கறப்போ இரும்பு உள்ளேயும் அழுந்தியிருக்குமாம். மேல தேய்ச்சாலும் அந்த அழுத்தம் அடியில இருக்குமாம், ஆசிட் பட்டா அந்த இடம் மட்டும் வேற நிறமாத் தெரியுமாம். கால் மணி நேரம் ஒண்ணுமே இல்ல. வெறும் இரும்பு. நான் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டாச்சு.

"நாலு"ன்னா அந்தப் பொண்ணு.

எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்துல, புகை மாதிரி ஒரு நாலு. இருக்கு, இல்லங்கற மாதிரி இருக்கு, ஆனா நாலுதான். அவ படம் எடுத்தா, ஒரு எழுத்தர் எழுதிக்கிட்டாரு. எனக்கு அந்த நம்பர் மனப்பாடம் கிடையாது. ஆனா இவருக்குத் தெரியும், ஏலப் பேப்பரை நூறு தரம் படிச்சவரு. இவரு முகத்தைப் பார்த்தேன். முகத்துல எதையும் கண்டுபிடிக்க முடியல. அப்புறம் கையைப் பார்த்தேன். சுண்டு விரல் மடங்கியிருந்துச்சு.

"பூஜ்யம்." மோதிர விரல் மடங்குச்சு. "ஒண்ணு." நடு விரல். நான் இரும்பைப் பார்க்கறதை விட்டுட்டு அந்தக் கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அஞ்சு எண், அஞ்சு விரல். இடது கை மூடிடுச்சு.

ஆறாவது வரல. ஒத்தி ஒத்திப் பார்த்தா. அங்கதான் நான் 'போக மாட்டியா, போக மாட்டியா'ன்னு அழுத்தித் தேய்ச்சது, எனக்குத்தானே தெரியும். வேற பாட்டில் எடுத்தா. பத்து நிமிஷம் ஆச்சு. "மூணா எட்டான்னு தெரியல"ன்னு சொல்லிட்டு, கண்ணாடியை வச்சுப் பார்த்தா, டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பார்த்தா. நான் மூச்சை விடவே இல்ல. அவரு வலது கை அப்படியே விரிஞ்சு கிடக்குது.

"எட்டு. எட்டேதான்."

கட்டை விரல் மடங்குச்சு. எனக்கு உசிரு வந்துச்சு. மிச்சம் நாலும் மளமளன்னு வந்தது. கடைசி எண் ஏழு. இவரு ரெண்டு கையையும் இறுக்கி மூடிக்கிட்டு நின்னாரு, நகம் உள்ளங்கையில பதியற அளவுக்கு.

இன்ஸ்பெக்டர் பேப்பரைப் பிரிச்சாரு. எழுத்தர் எழுதினதையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒவ்வொரு எண்ணா விரல் வச்சுப் பார்த்தாரு. ரெண்டு தரம் பார்த்தாரு. "ஒத்துப்போகுது"ன்னாரு. நான் அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டேன். வயித்துல பாலை வார்த்தாங்கங்க. அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு என்னென்னமோ சொன்னேன், என்ன சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகமில்ல. "கையில ஆசிட் இருக்கும்மா, தொடாதீங்க"ன்னு அவதான் கத்தினா.

எங்க வீட்டுக்காரரு வண்டிக்கு அந்தப் பக்கம் போனாரு. போய் ரொம்ப நேரம் ஆச்சேன்னு பார்த்தா, சக்கரத்துல சாய்ஞ்சு தோள் குலுங்க அழுதுக்கிட்டு இருக்காரு. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அந்த ஒன்பது நாளும் அவரு எவ்வளவு பயந்திருக்காருன்னு. பக்கத்துல போய் நின்னேன். முந்தானையால அவரு முகத்தைத் துடைச்சு விட்டேன்.

அந்த எண்ணெல்லாம் சாயங்காலத்துக்குள்ள மறுபடி மங்கிடும்னாங்க. அதனால பக்கத்துலயே புதுசா அதே நம்பரை அடிக்கணும்னு உத்தரவு வந்துச்சு. அடுத்த வாரம் போனோம். ஆபீஸ்ல அதுக்குன்னு ஒரு ஆள், ஒரு மரப்பெட்டி நிறைய உளி மாதிரி எஃகுத் துண்டுங்க, ஒவ்வொண்ணு முனையிலயும் ஒரு எண். அவரு ஒவ்வொண்ணா வச்சு அடிச்சாரு. ஒன்பது எண் முடிஞ்சுது. இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினாரு.

"கடைசியை நீங்க அடிங்கம்மா."

"நானா சார்?"

"அடுத்தவங்க சொல்ற பொய் வாக்குமூலத்தைக் கேட்டு எழுதி எழுதி எனக்கு முடி நரைச்சுடுச்சு. அன்னைக்கு இவரு 'நான்தான்'னு சொன்னப்போ நான் இவரைப் பார்க்கல, உங்களைத்தான் பார்த்தேன்"னாரு. சிரிக்கல. ஆனா கோபமும் இல்ல. சுத்தியலை என் பக்கம் நீட்டினாரு.

ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன். ஏழுன்னு பொறிச்ச அந்த எஃகுத் துண்டை யாராவது நேராப் பிடிச்சுக்கணும். எங்க வீட்டுக்காரரு வந்து குனிஞ்சு, வெறும் விரலால அதைப் பிடிச்சுக்கிட்டாரு.

"கையை எடுங்க, பட்டுடப் போகுது"ன்னேன்.

"படாது, அடி"ன்னாரு.

"ஐயோ, என்னைப் பத்தித் தெரியாதா உங்களுக்கு? எடுங்கன்னா!"

"தெரியும். அடி."

அடிச்சேன். அவரு விரல்ல படல. ஆனா ஏழு கொஞ்சம் சாய்ஞ்சுடுச்சு.

வண்டி இப்போ கம்பம் ஏத்திக்கிட்டு வயலுக்குள்ள வரைக்கும் போகுது. யாரும் தோள்ல தூக்கறதில்ல. வருஷத்துக்கு ஒரு தரம் அதை ஆபீஸ்ல காட்டணும், நானும் கூடப் போவேன். பழைய இன்ஸ்பெக்டர் மாறிப் போயிட்டாரு. ஒவ்வொரு வருஷமும் புதுசா ஒருத்தர் டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பார்த்துட்டு, "இந்தக் கடைசி ஏழு ஏன் இப்படிச் சாய்ஞ்சிருக்கு? யார் அடிச்சது?"ன்னு கேப்பாரு.

"என் சம்சாரம் அடிச்சது சார்"ம்பாரு. தேய்ச்சது யாருன்னு கேட்டப்போ நான்தான்னு சொன்ன மனுஷன்.